காது கேட்கும் கருவி: முதலில் விரல்களை யோசியுங்கள்

காது கேட்கும் கருவி என்றதும் பலரும் 'வெளியே தெரியாத சின்னது' என்றுதான் கேட்கிறார்கள். காதுத்துளைக்குள் போகும் மிகச் சிறிய வகைகளில் பெரும்பாலும் 10ஆம் எண் பேட்டரிதான் இருக்கும். அகலம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. சில நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கை நடுங்குபவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இது பெரும்பாடு. அவர்களுக்குக் காதின் பின்புறம் மாட்டுவதே நல்லது, முடிந்தால் சார்ஜ் செய்யும் வகையாக. கேட்கும் திறன் மிகவும் குறைந்தவர்களுக்கும் அதுவே சரி, ஒலியைக் கூட்டும் வலு அதில்தான் அதிகம். காதில் குறும்பி நிறைய சேருமா? உள்ளே வைக்கும் கருவி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அப்புறம், காதை இறுக்க மூடும் கருவியில் நம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கலாம். வாங்கும் முன் நீங்களே மாட்டி, கழற்றி, பேட்டரியும் மாற்றிப் பாருங்கள்.