துபாயில் வீடு வாங்கி கோல்டன் விசா: ஃபிளாட்டுக்கு முன்னால் பணம் போகும் வழியைப் பாருங்கள்

துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்குக் குறையாத விலையில் சொத்து உங்கள் பெயரில் இருந்தால் அங்கே பத்து வருடம் தங்க அனுமதிக்கும் கோல்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விசா வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், அதில் பெரிய சிக்கல் கிடையாது. இந்தியாவில் குடியிருப்பவர் அவ்வளவு பணத்தைச் சட்டப்படி எப்படி அனுப்புவது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிளாட்டைப் பார்த்து, பிடித்துப்போய், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் வங்கிதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான மாற்று விகிதம். இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர், அதாவது 9,18,125 திர்ஹாம். கணவனும் மனைவியும் ஆளுக்கு முழு வரம்பையும் அனுப்பினால் 18,36,250. வீட்டு விலைக்கே 1,63,750 துண்டு விழுகிறது.

விலையோடு செலவு நிற்பதும் இல்லை. துபாய் நிலத்துறையின் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். வாங்குபவர் பாதி, விற்பவர் பாதி என்று சொன்னாலும் நடைமுறையில் முழுவதும் வாங்குபவர் தலையில்தான். 20 லட்சத்துக்கு அது 80,000. தரகு 2 சதவீதமும் அதன் மேல் 5 சதவீத வாட் வரியும் சேர்ந்து 42,000. நிலத்துறைக்காகப் பதிவை நடத்தும் டிரஸ்டி அலுவலகத்தின் கட்டணம் வாட்டுடன் 4,200. டைட்டில் டீடுக்கு (உரிமைப் பத்திரம்) 580. ஆக மொத்தம் 21,26,780 திர்ஹாம். விசாவுக்கு, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி எல்லாம் சேர்த்து, சுமார் 10,000 தனியாக எடுத்து வையுங்கள்.

அதனால் தம்பதியாக வாங்குபவர்களுக்கு வசதியான காலம் மார்ச், ஏப்ரல். மார்ச் 31-க்குள் ஒரு வரம்பு, ஏப்ரல் 1-க்குப் பிறகு புது நிதியாண்டின் வரம்பு. மார்ச் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவம், பான், பணம் வந்த வழிக்கான ஆதாரம் எல்லாவற்றையும் வங்கி பார்க்க ஒரு வாரம்கூட ஆகலாம், பணம் ஏப்ரலில் கிளம்பினால் பழைய ஆண்டின் வரம்பு போனது போனதுதான். அனுப்பிய பணம் செலவாகாமல் கிடந்தால் 180 நாளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. "கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வருஷம் அனுப்பிச் சேர்த்து வைக்கலாம்" என்ற யோசனை அங்கேயே அடிபட்டுப் போகிறது. தனி ஆளுக்கு இதுதான் தலைவலி: இரண்டு நிதியாண்டு வரம்பும் போதாது, மூன்றாவது வேண்டும்.

சரி, மகனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இங்கேதான் இரண்டு நாட்டு விதிகளும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கின்றன. வெளிநாட்டுச் சொத்துக்காகக் குடும்பத்தினர் வரம்பைச் சேர்த்து அனுப்பினால், பணம் போட்டவர் எல்லோரும் சொத்தில் பங்குதாரராக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. துபாயிலோ, கணவன் மனைவி பங்கை மட்டும்தான் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பார்கள், அதுவும் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் காட்டினால்தான். 20 லட்சம் திர்ஹாம் வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூவருக்கும் சம பங்கு என்றால் தம்பதியின் பங்கு 13,33,333 மட்டுமே. மூவரில் ஒருவருக்கும் கோல்டன் விசா கிடையாது. மகனைச் சேர்த்தால் வீட்டின் விலை 30 லட்சமாக இருக்க வேண்டும், அல்லது மகனின் பங்கு போக மீதி 20 லட்சம் தேறும்படி பங்கைப் பிரித்து எழுத வேண்டும்.

அடுத்தது டிசிஎஸ், பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்கு அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டிவிடும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 2,50,000 டாலர் 2.25 கோடி; பத்து லட்சத்தைக் கழித்து 2.15 கோடிக்கு டிசிஎஸ் 43 லட்சம். இது கூடுதல் வரி இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஒருவருக்கு 43 லட்சம் பல மாதம் முடங்கிக் கிடக்கும். வீட்டுப் பணம் மட்டும் கையில் வைத்திருப்பவர் கடைசி நேரத்தில் திணறுவது இதனால்தான்.

குறுக்கு வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. உண்டியலில் (ஹவாலா) அனுப்பினால் அது அந்நியச் செலாவணிச் சட்ட மீறல், அந்தப் பணத்துக்கு வங்கி ஆதாரமும் இருக்காது. சொத்துக் கண்காட்சியில் கிரெடிட் கார்டைத் தேய்த்து புக்கிங் தொகை கட்டுவதும் தவறு. அது ஏ2 படிவம் வழியாகவே போக வேண்டிய பணம். துபாய் வங்கியில் வீட்டுக் கடன் வாங்கலாம் என்று தரகர் சொல்வது அங்கே சம்பளம் வாங்குபவருக்குப் பொருந்தும். சென்னையில் குடியிருந்துகொண்டு அந்தக் கடனில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஏற்கெனவே வளைகுடாவில் வேலை செய்யும் என்ஆர்ஐக்கு எல்ஆர்எஸ் தொல்லை இல்லை. அங்கே சேர்த்த சம்பளத்தில் வாங்கலாம். ஊரில் நிலம் விற்ற பணம் இந்திய வங்கியில் உள்ள என்ஆர்ஓ கணக்கில் இருந்தால் வரி கட்டிய பிறகு, அதற்கான வரிப் படிவம், ஆடிட்டர் சான்றிதழுடன் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை கொண்டுபோகலாம்.

வாங்கும் நாள்

வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கக்கூடிய ஃப்ரீஹோல்டு பகுதிகள் என்று துபாயில் அறிவித்திருக்கிறார்கள்: துபாய் மெரினா, டவுன்டவுன், பிசினஸ் பே, ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள் போன்றவை. கட்டி முடித்த வீடாகப் பாருங்கள். ஆஃப் பிளான், அதாவது இன்னும் கட்டி முடிக்காத வீடு வாங்கினால் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்குக்கு மட்டும் போக வேண்டும். பில்டரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தவணை கட்டுவதை இந்திய வங்கி எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதையும் புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விலை பேசும்போது ஒரு எச்சரிக்கை. விசாவுக்குப் பார்ப்பது டைட்டில் டீடில் உள்ள தொகையை. 20,10,000-இல் தொடங்கி, பேரம் பேசி 19,85,000-க்கு இறக்கினால் 25,000 மிச்சம், விசா போச்சு. பதிவுக் கட்டணம், தரகு, சோபா, ஏசி எதையும் கூட்டிக் காட்ட முடியாது. இரண்டு சிறிய சொத்துகளைச் சேர்த்து 20 லட்சம் காட்டலாம்.

விலை படிந்ததும் ஃபார்ம் எஃப் என்ற ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுவார்கள். 10 சதவீத டெபாசிட்டுக்குச் செக் கேட்பது வழக்கம். வெளிநாட்டவருக்கு அங்கே பெரும்பாலும் சேமிப்புக் கணக்குதான் திறந்து தருவார்கள், செக் புக் வராது. வங்கியே எழுதித் தரும் மேனேஜர்ஸ் செக் எடுத்துக் கொடுக்கலாம். கணக்குத் திறக்கவே சில வாரம் பிடிக்கும் என்பதால் வீடு தேடும்போதே அதைத் தொடங்கிவிடுங்கள். அடுத்து விற்பவர் பில்டரிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். பராமரிப்புக் கட்டணப் பாக்கி இருந்தால் என்ஓசி வராது. வீடு கைமாறும் தேதி தள்ளிப்போவது அடிக்கடி இதனால்தான். என்ஓசி வந்ததும் டிரஸ்டி அலுவலகத்தில் விற்பவர் பெயருக்கு ஒரு மேனேஜர்ஸ் செக், நிலத்துறைக்கு ஒன்று என்று கொடுத்தால், அன்றே டைட்டில் டீட் வரும். நேரில் போக முடியாதவர் இந்தியாவில் பவர் எழுதினால் நோட்டரி, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று பல இடத்து முத்திரையும் அரபு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பெயர், இனிஷியல்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் விசிட் விசாவில் அமீரகத்துக்குள் நுழைவதிலேயே 2022 நவம்பர் முதல் தடை வந்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள். பாஸ்போர்ட்டில் "முருகேசன் கார்த்திகேயன்", திருமணச் சான்றிதழில் "மு. கார்த்திகேயன்", வங்கியில் "கார்த்திகேயன் எம்" என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று பேர் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஃபார்ம் எஃபில் கையெழுத்திடும் முன் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துப்போகும்படி திருத்துங்கள். டைட்டில் டீடில் ஓர் எழுத்து பிசகினாலும் மாற்ற அலைச்சல்தான்.

விசாவுக்கு டைட்டில் டீட், பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணிப் புகைப்படம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு நிலத்துறை வழியாக விண்ணப்பிக்கலாம். பிறகு ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை. எப்போதோ குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் மறுபரிசோதனைக்கு அழைப்பார்கள். பழைய சிகிச்சைத் தாள்களைக் கையில் வைத்திருங்கள். மனைவியையும், எந்த வயதானாலும் பிள்ளைகளையும், உங்கள் விசாவில் சேர்க்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் விசா ரத்தாகும். கோல்டன் விசாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வீட்டை விற்றால் விசாவின் அடிப்படையும் போய்விடும். அங்கே வேலை பார்க்க நிறுவனம் ஒர்க் பெர்மிட் தனியாக எடுக்க வேண்டும்.

கோல்டன் விசா இருப்பதாலேயே யாரும் இந்திய வரிக்கு என்ஆர்ஐ ஆகிவிடுவதில்லை. வரித்துறை பார்ப்பது இந்தியாவில் தங்கிய நாள் கணக்கை. இங்கேயே குடியிருந்தால் துபாய் வாடகைக்கு இந்தியாவில் வரி உண்டு. வீட்டையும் அங்குள்ள வங்கிக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று உள்ள ஷெட்யூல் எஃப்ஏவில் வருடா வருடம் காட்ட வேண்டும். வீட்டைக் காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அந்த ஷெட்யூலுக்கு நிதியாண்டு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் ஆண்டுதான் கணக்கு. மார்ச்சில் பத்திரம் முடித்தவர் இதை ஆடிட்டருக்கு நினைவூட்டிவிடுங்கள்.