குழந்தைக்கு நலம் வேண்டி அமைக்கும் பேகன் பீடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றைப் புனிதமாகப் போற்றும், கிறித்துவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டைத் தழுவிய பேகன் (Pagan) மரபில் ஈடுபாடு கொண்ட பெற்றோர், நோயுற்ற தம் குழந்தையின் அறையில் சிறு பீடம் ஒன்றை அமைக்க விரும்புவது இயல்பே. ஜன்னலோரப் பலகை, அதன் மேல் வெள்ளைத் துணி, கிண்ணத்தில் தண்ணீர், ஒரு கைப்பிடி மண், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொருள் ஆகியவை இருந்தால் போதும். ஆனால் இதற்கான வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் மேலை நாட்டுப் பெரியவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதால், சேலத்து வீட்டில், அதுவும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில், அவற்றை அப்படியே பின்பற்றுவது ஆபத்தில் முடியலாம்.

மருத்துவத்துக்கு மாற்றாகப் பீடத்தைக் கருதுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. பேகன் மரபினர் போற்றும் கிரேக்க மருத்துவ தெய்வமான அஸ்கிளிபியஸின் கோயில்களிலேயே வழிபாட்டோடு நீராடலும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்துதான் இருந்தன. பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், அது காத்திருக்கும் நேரமன்று. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வசிப்போர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருப்பதால், இன்னும் முன்கூட்டியே முடிவெடுப்பது நல்லது. அம்மை கண்ட குழந்தைக்கு வேப்பிலை வைத்து வேண்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதும், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. அம்மையின்போது ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாகவேனும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய பாதிப்பு உண்டாகக்கூடும்.

அடுத்த தவறு நம் பேச்சில் நேர்வது. "தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று ஆசையோடு சொல்லிவிடுகிறோம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் தாம் நினைப்பதாலும் செய்வதாலும்தான் உலகில் பலவும் நடக்கின்றன என்று நம்புகிறவர்கள். தம் நோயைத் தாம் செய்த ஏதோ குற்றத்துக்கான தண்டனையாகவே எண்ணிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தையிடம் குணமாகும் என்று வாக்குக் கொடுத்து, அது குணமாகாமல் போனால், தான் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்ற பழியையும் அது சுமக்க நேரிடும். நோயுற்ற பிள்ளையின் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவதைவிடப் பீடமே இல்லாமல் இருப்பது மேல் என்பேன். "மருந்து தன் வேலையைச் செய்யட்டும், பயமாக இருக்கும்போது நீ வந்து உட்கார இது உன் இடம்" என்று சொன்னால் போதும்.

உன் இடம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் நாமே அடுக்கிவைப்பதும் கூடாது. கிரேக்கத்தின் கொரிந்து நகரத்து அஸ்கிளிபியஸ் கோயிலின் அகழாய்வில், நோய் தீர வேண்டியோர் காணிக்கையாகச் செலுத்திய சுட்ட களிமண் கைகளும் கால்களும் ஏராளமாகக் கிடைத்தன. நம் மாரியம்மன் கோயில்களில் உருவாரமும் கண்மலரும் செலுத்துவதைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது புதிதன்று. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும் சிறுமியிடம் ஓர் உருண்டை களிமண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மறு கையால் அழுத்தி, உருட்டி, ஐந்து விரல்களில் ஒன்று மட்டும் தடித்துப்போன ஒரு கையை அவள் செய்து வைப்பாள். அதை எடுத்துச் சீர்செய்யாதீர்கள். கடையில் வாங்கும் எந்தச் சிலையையும்விடப் பீடத்தில் இருக்கத் தகுதியுள்ளது அதுதான்.

பீடத்தில் வைக்கும் பொருள்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏராளமாகப் பயிராகும் அரளி, பூசைக்குப் பழகிய பூவாக இருந்தாலும், அதன் எல்லாப் பாகமும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. மஞ்சள் அரளி விதை இன்னும் கொடியது. ஊமத்தை, எருக்கு, குன்றிமணி ஆகியவற்றையும் அறவே விலக்கிவிடுங்கள். கற்கண்டு போலத் தெரியும் கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். மலைக்குச் சென்று திரும்புவோர் வாங்கிவரும் நீலகிரித் தைலமும் அப்படியே; ஒரு தேக்கரண்டி அளவுகூடச் சிறு குழந்தைக்கு ஆபத்தானது. ஐரோப்பிய வழக்கப்படி பாலும் தேனும் படைத்தால், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் அந்தத் தேனைத் தடவக் கூடாது. நெருப்புக்குப் பயந்து மின்கல மெழுகுவத்தி வாங்குவோர், அதன் பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும் என்பதை அறிந்து, திருகாணியால் மூடிய வகையை மட்டுமே வாங்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சிறு படிகக் கற்களே வேண்டாம். வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய கூழாங்கல் ஒன்று போதும்.

புகையையும் விட்டுவிடுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்குச் சாம்பிராணியும் வேப்பிலைப் புகையும் ஒன்றுபோலவே மூச்சைத் திணறடிக்கும். கட்டாக விற்கப்படும் வெள்ளைச் சேஜ் என்னும் வாசனைச் செடியின் இலையைக் கொளுத்துவது அமெரிக்கப் பழங்குடியினரின் சடங்கு. ஐரோப்பிய மரபைப் பின்பற்றுவோருக்கு அது தேவையே இல்லை.

திசை பற்றிய குழப்பம் சிறிய விஷயம். இன்றைய பேகன் மரபின் ஒரு பிரிவான விக்காவின் வழக்கில் வடக்கு மண்ணுக்கும், கிழக்கு காற்றுக்கும், தெற்கு நெருப்புக்கும், மேற்கு நீருக்கும் உரியவை. நமக்கோ அக்கினி மூலை தென்கிழக்கு. சூரியன் வடக்கே சாய்ந்து செல்லும் ஆஸ்திரேலியாவில் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே திசைக்காகக் குழந்தையின் கட்டிலை வெளிச்சம் வராத மூலைக்குத் தள்ள வேண்டியதில்லை.

மலையிலிருந்து பொருள் எடுத்துவருவது அப்படிச் சிறிய விஷயமன்று. ஏற்காட்டுச் சேர்வராயன் குகைக்கோயில், மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடி மக்கள் ஆண்டுதோறும் விழா எடுத்து இன்றும் வழிபடும் இடம். அங்கிருந்து கல்லையோ மண்ணையோ நம் வீட்டுப் பீடத்துக்காகக் கிளப்பிவருவது அவர்களை அவமதிப்பதாகும். காப்புக்காட்டில் செடி பறிப்பது சட்டப்படியும் குற்றம். இயற்கையைப் புனிதமென்று குழந்தைக்குச் சொல்லித்தர அமைக்கும் பீடத்தில் மலையிலிருந்து பிடுங்கி வந்த ஆர்க்கிட் செடி இருக்கக் கூடாது. வீட்டுத் தொட்டி மண்ணும் தெருவோர வேம்பின் கொத்தும் போதும்.

கிண்ணத்து நீரை நாள்தோறும் மாற்றுங்கள். தேங்கவிட்டால் டெங்கு பரப்பும் கொசு அதிலேயே முட்டையிடும். குணமான பிறகோ, சலித்துப்போனாலோ, பீடத்தைக் குழந்தை பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் கலைத்துவிடாமல் குழந்தையோடு சேர்ந்தே எடுத்துவையுங்கள். களிமண் கையைத் தண்ணீரில் கரைப்பதா, அலமாரியில் வைத்துக்கொள்வதா என்பதைச் செய்தவளே முடிவு செய்யட்டும்.