தெருவிளக்கில் கார்பனைக் குறைக்க: நகராட்சிப் பொறியாளருக்கான வழிமுறை

பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். 250 வாட் சோடியம் விளக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 280 வாட் இழுக்கும். டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) காட்டும் ஆம்பியரை 230ஆல் பெருக்கி வாட் என்று எழுதக் கூடாது. கெபாசிட்டர் செத்த சோக்கில் பவர் ஃபேக்டர் (வோல்ட், ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு) 0.5 அளவுக்கு இறங்கிவிடும், கணக்கு இரு மடங்காகும். பவர் மீட்டர் வைத்தே அளக்க வேண்டும். எரியாமல் கிடக்கும் விளக்குகளைத் தனியாக எண்ணுங்கள். அவற்றையும் எரிவதாகச் சேர்த்தால் சேமிப்பு காகிதத்தில் மட்டும் கூடும்.

அதே கம்பத்தில் 110 வாட் எல்இடி போட்டால் விளக்குக்கு 170 வாட் மிச்சம். ஆண்டுக்குச் சுமார் 4000 மணி நேரம் எரிகிறது என்றால் 680 யூனிட். நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 476 கிலோ குறையும். தெருவுக்குள் இருக்கும், சோக்கோடு சுமார் 52 வாட் இழுக்கும் 40 வாட் டியூப் லைட்டை 20 வாட் எல்இடியாக மாற்றினால் சுமார் 130 யூனிட்தான் மிஞ்சும். ஆகவே பணம் குறைவாக இருந்தால் முதலில் பிரதான சாலையைப் பிடியுங்கள்.

டெண்டரில் 10 கேவி (கிலோவோல்ட்) சர்ஜ் பாதுகாப்பு, அதாவது மின்னல் போன்றவற்றால் வரும் திடீர் மின்னழுத்தத்துக்கு எதிரான பாதுகாப்பு, கேட்பது வழக்கம். கம்பத்தில் சரியான எர்த் இல்லாவிட்டால் அதனால் பெரிய பலன் இல்லை. டிரைவர்கள் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றுகள்) கூட்டமாகச் சாவதற்கு இன்னொரு காரணம், மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் இணைப்பு தளர்வது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கம்பெனியைத் திட்டுவதற்கு முன் நியூட்ரலை முறுக்கிப் பாருங்கள்.

அடுத்து சுவிட்ச் பெட்டி. சென்னையில் சூரியன் நவம்பரில் 5.40 வாக்கிலும் ஜூலையில் 6.40 வாக்கிலும் மறைகிறது; ஆறுக்கு ஆறு என்று பூட்டிய டைமர் ஒரு பருவத்தில் இருட்டில் விடும், மறு பருவத்தில் வெயிலில் எரியும். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து அமைக்கும் டைமர் வேண்டும். சிசிஎம்எஸ் பெட்டி (விளக்குகளைத் தொலைவிலிருந்து சிம் வழியாக இயக்கிக் கண்காணிப்பது) வாங்கினால், சிம் செத்தாலும் உள்ளே இருக்கும் டைமரே ஓட்ட வேண்டும் என்று நிபந்தனையில் எழுதுங்கள். சிம் ரீசார்ஜ் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். சிரிப்பாக இருந்தாலும் திட்டங்கள் அங்கேதான் படுக்கின்றன.

அந்தப் பெட்டியின் திரையை முழுவதும் நம்பவும் வேண்டாம். ஒரு பெட்டியில் 20 வாட் விளக்கு 40 இருந்தால் மொத்தம் 3.5 ஆம்பியர், ஒரு விளக்கு அணைந்தால் குறைவது 0.09 ஆம்பியர். எல்இடி டிரைவர் அதே வாட்டையே இழுப்பதால், வோல்டேஜ் 230லிருந்து 240க்கு ஏறினாலே மின்னோட்டம் 0.14 ஆம்பியர் இறங்கும். எது விளக்கு, எது வோல்டேஜ் என்று பெட்டிக்கே தெரியாது. ஒப்பந்ததாரருக்கான மாதத் தொகையைத் திரையில் வரும் எரியும் விளக்குகளின் சதவீதத்தோடு கட்டாமல், வார்டு வாரியாக இரவில் நேரில் எண்ணிய கணக்கோடு கட்டுங்கள். எண்ணும் தெருவை முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. கம்பத்துக்கொரு கருவி மாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சிறு ஊருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

நள்ளிரவு 12 முதல் 5 வரை பாதி வெளிச்சம் போதுமான சாலைகளில் 110 வாட் விளக்குக்கு ஆண்டுக்கு மேலும் 100 யூனிட் மிஞ்சும். பேருந்து நிலையம், சந்திப்பு, பாதசாரிகள் கடக்கும் இடம் ஆகியவற்றில் குறைக்காதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் (டிம் ஆகும்) டிரைவரை வாங்கும்போதே கேட்க வேண்டும், பிறகு சேர்ப்பது செலவு. எரிந்த நேரத்திலிருந்து மணியை எண்ணும் மலிவு டிரைவர், இடையில் மின்தடை வந்தால் முதலிலிருந்து எண்ணத் தொடங்கி, விடியும்வரை முழு வெளிச்சத்தில் எரியும்.

மன்றத் தீர்மானத்தில் இரண்டு வரி மறக்காதீர்கள். புதிதாகக் கேட்கும் கம்பங்களுக்குத் தனிப் பதிவேடு. மிச்சத்தை அவை தின்பது அப்போதுதான் தெரியும். கழற்றிய சோடியம் விளக்குகள் வேறு வார்டுக்குப் போகாமல் எண்ணிக்கையோடு கிடங்கில் ஒப்படைக்கப்பட வேண்டும். பல்புகளில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் பெட்டியில் அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீது வாங்கிக் கொடுங்கள்.