கோயில் கட்டப்போகும் லூத்தரன் சபைக்கு ஓர் ஓவர்சியர் சொல்வது

பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாகர்கோவில் பக்கம் எந்த லூத்தரன் சபையில் கட்டடக் கமிட்டி போட்டாலும் யாராவது ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு போட்டோ இருக்கும். எங்கேயோ பார்த்த கோயிலின் முகப்பு, இரண்டு கோபுரம், நடுவில் பெரிய சிலுவை. “இதுபோலக் கட்டணும், எவ்வளவு ஆகும் சார்?” என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வேலை நடுவில் நின்றுபோனால், நின்ற இடத்தில் அடுத்த ஞாயிறு ஆராதனை நடத்த முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற மாதிரி திட்டம் போட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

முதலில் பத்திரத்தை எடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் 1105 என்றால் 1929-30. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடித்து முழுவதையும் தமிழில் எழுதி வாங்குங்கள். பிறகு சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து எல்லைக்கல் போடுங்கள். பத்திரத்தில் பன்னிரண்டு சென்ட் இருக்கும், தரையில் பத்தரைதான் இருக்கும், மீதி பக்கத்துத் தோட்டத்து வேலிக்குள் போயிருக்கும். நிலம் ஒரு தாத்தா வாய்வார்த்தையாகக் கொடுத்தது என்றால், திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் அமைப்பின் பெயருக்குப் பதிவு செய்த பிறகுதான் கல் வைப்பது. தாத்தா நல்லவர்தான், பேரப்பிள்ளைகள் எப்படியோ யாருக்குத் தெரியும்?

அடுத்தது அனுமதி. வழிபாட்டுத்தலம் என்றால் உள்ளாட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கினால் மட்டும் போதாது, மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வி.ஏ.ஓ., தாசில்தார், காவல்துறை என்று அறிக்கை போய்வர மாதங்கள் ஆகும். 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவர் கலவரத்துக்குப் பிறகு நம் மாவட்டத்தில் இந்த விஷயத்தை எந்த அதிகாரியும் லேசாக எடுப்பதில்லை. பழைய கோயில் இருந்த இடத்திலேயே கட்டுகிறீர்கள் என்றால் அது பல காலமாகக் கோயில்தான் என்று காட்டும் காகிதங்களைச் சேருங்கள். பழைய வரி ரசீது, மின்கட்டண அட்டை, ஞானஸ்நானப் பதிவேடு, யாருடைய கல்யாண போட்டோவிலாவது பின்னால் தெரியும் கோயில் முகப்பு, எல்லாம் உதவும். அனுமதி கைக்கு வரும்வரை பழைய கட்டடத்தின் ஒரு ஓட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். அக்கம்பக்கத்தாரிடம் போதகரும் மூப்பர்களுமாக நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆட்சேபணை மனுவில் பாதி, தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்கிற கோபத்தில் எழுதியதுதான்.

எவ்வளவு பெரிது?

இங்கேதான் சபைகள் தடுமாறுகின்றன. ஸ்தோத்திர பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருகிற கூட்டத்தைக் கணக்கு வைத்துக் கட்டினால், மற்ற ஞாயிறுகளில் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும். சாதாரண ஞாயிறு வருகையைக் கொஞ்சநாள் எண்ணி எழுதுங்கள். அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். பண்டிகைக் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் அகலக் கதவுகள் வைத்து, வெளியே பந்தல் போட இடம் விட்டால் போதும். பெஞ்சில் ஒருவருக்கு ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை மூன்றடி.

லூத்தரன் கோயிலில் பீடம், பிரசங்க மேடை, ஞானஸ்நானத் தொட்டி மூன்றையும் முதலில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். 1544-இல் ஜெர்மனியின் டோர்காவ் அரண்மனையில் கட்டிய சிற்றாலயத்தை, நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரே பிரசங்கம் செய்து திறந்துவைத்தார். அங்கே கடவுளின் வார்த்தையும் அதற்கு நாம் சொல்லும் ஜெபமும் துதியும் தவிர வேறொன்றும் நடக்க வேண்டாம் என்பது அந்தப் பிரசங்கத்தின் சாரம். பிரசங்கம் காதில் விழாத கோயில் எவ்வளவு அழகாக இருந்து என்ன? தட்டையான கான்கிரீட் கூரை, தரையில் வழவழ டைல்ஸ், சுவரில் பளபளப்பு பெயின்ட் என்று மூன்றும் சேர்ந்தால் எதிரொலி காதைப் பிடுங்கும். அப்புறம் ஸ்பீக்கருக்குச் செலவு.

திருவிருந்துக்கும், அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்க வருவதற்கும், கணக்குப் போடுங்கள். முழங்காலில் நிற்க ஒருவருக்கு இரண்டு அடி வேண்டும். பீடத்தின் முன் இருபதடி நீளக் கைப்பிடிக் கம்பி வைத்தால் ஒரு பந்திக்குப் பத்துப் பேர். இருநூறு பேர் வருகிற சபையில் இருபது பந்தி, பந்திக்கு மூன்று நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம். வயதானவர்கள் எத்தனை பேர் படியேற வேண்டும் என்பதையும் பாருங்கள். பீடத்துக்கு ஐந்து படி வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முட்டுவலி இல்லாதவர்கள்.

மழைக் கணக்கு

நமக்கு மழை இரண்டு. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரிலிருந்து துலாமழை. பொங்கல் முடிந்ததும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, மே கடைசிக்குள் கூரை போட்டுவிட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்த வருடம் பேஸ்மென்ட் வரை கட்டி மண் நிரப்பி நிறுத்துங்கள். சுவர் பாதி, தூண் பாதி என்று நிற்கவிட்டு மழையில் நனைய விடாதீர்கள். கூரை ஏறிவிட்டால் பூச்சு, வயரிங், தரை எல்லாம் மழைக்காலத்திலும் உள்ளே நடக்கும்.

“கிறிஸ்துமஸுக்குள் பிரதிஷ்டை” என்று யாராவது தேதி குறித்தால் உடனே மறுத்துவிடுங்கள். துலாமழைக்கு நடுவே அவசரமாகப் பூசி, ஈரச்சுவரில் பெயின்ட் அடித்து, பிப்ரவரியில் அது பொருக்குப் பொருக்காக உதிரும். ஈஸ்டருக்குப் பிறகு வையுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கூரைக்குத் தகடு போடுவதாக இருந்தால் இரண்டு விஷயம். துலாமழை தகட்டில் விழும்போது போதகர் என்ன கத்தினாலும் கேட்காது, கீழே சீலிங் வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் என்றால் ஆடிக்காற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. 2017 ஒக்கி புயலில் எத்தனை தகடு பறந்தது என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காங்கிரீட் கூரை என்றால் வார்ப்பு நாளன்று கமிட்டியில் ஒருவர் காலையிலிருந்து மேலே நிற்க வேண்டும். என்ன பார்ப்பது? கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சின்னக் கட்டை) இருக்கிறதா என்று. அவசரத்தில் கையாள் ஒரு ஜல்லித் துண்டைச் செருகிவிட்டுப் போவான், அது உருண்டு விழுந்தால் கம்பி தட்டின் மேல் படுத்துவிடும். கடற்காற்று நேராக அடிக்கும் ஊர்களில் இதுதான் பத்து வருடத்தில் துரு வெடித்துக் காரை விழுவதற்குக் காரணம். அங்கே கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 45 மில்லிமீட்டர், கான்கிரீட் எம்30 தரம். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கு எடுக்கக் கூடாது, லாரித் தண்ணீர் வாங்குங்கள். சிமென்ட் சாக்கில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சடித்திருக்கும், மூன்று மாதம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். இருபதடிக்கு மேல் நீளமுள்ள உத்தரத்தின் முட்டுகளை 21 நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். “சென்ட்ரிங் சாமான் அடுத்த வேலைக்கு வேணும் அண்ணாச்சி” என்று பன்னிரண்டாம் நாளே வந்து நிற்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கோபுரம் கடைசி. அதன் அஸ்திவாரத்தை மட்டும் முதலிலேயே சேர்த்துப் போட்டு வையுங்கள். கட்டும்போது இடிதாங்கியும் எர்த் குழியும் மறக்க வேண்டாம், ஐப்பசி இடி நம் ஊரில் சாதாரணமானதல்ல.

பணம்

எஸ்டிமேட்டுக்கு மேல் பதினைந்து சதவீதம் ஒதுக்குங்கள். கூரை வரைக்குமான பணம் வங்கியில் இருந்தால்தான் அஸ்திவாரக்கல். அமெரிக்காவில் மிசௌரி சினட் என்ற லூத்தரன் திருச்சபைக்கு இதற்கென்றே ஒரு விரிவாக்க நிதி உண்டு. விசுவாசிகள் போடும் முதலீட்டை எடுத்துச் சபைகளுக்குக் கட்டடக் கடனாகக் கொடுப்பார்கள். நமக்கு அப்படி வசதி இல்லை. நமக்கு இருப்பது பிடியரிசி (சமைக்கும்போது எடுத்துவைக்கும் ஒரு கைப்பிடி அரிசி), பண்டிகை ஏலம், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள்.

வாக்குக் காணிக்கையை மாதத் தவணையாக எழுதி வாங்குவது வழக்கம். அதைக் கொஞ்சம் மாற்றுங்கள். ரப்பர் வெட்டுகிறவருக்குப் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு நின்றுவிடும், ஜூன் மழையிலும் வருமானம் குறையும். ஏத்தன் வாழை போட்டவருக்கு ஓணத்தை ஒட்டித்தான் காசு. அவரவர் கையில் பணம் புழங்கும் மாதத்தில் தவணை வைத்தால் வாக்கும் நிறைவேறும், கோயிலுக்கு வரவும் கூச்சப்பட மாட்டார்கள்.

துபாயில் இருக்கும் தம்பி இந்தியக் குடிமகன் என்றால் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரோ வெளிநாட்டுச் சபையோ தரும் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சபைக் கணக்குக்கு வரவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள அமைப்பும் அதை வாங்கி உங்களுக்கு மாற்றிவிட முடியாது. யாராவது “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால் அவரைப் பொருளாளர் ஆக்காதீர்கள்.

கட்டடக் கணக்கு தனி வங்கிக் கணக்கில், மூன்று பேர் பெயரில், இரண்டு கையெழுத்தில். மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவை எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். கமிட்டிக்காரருக்கே ஹார்டுவேர் கடை இருந்தால் அவரிடமும் விலைப்புள்ளி வாங்கலாம், வெளியே இன்னும் இரண்டு கடையிலும் வாங்கி மூன்றையும் ஃபைலில் வையுங்கள்.

கொத்தனாரிடம் சதுர அடிக் கூலி பேசும்போது, அளவு எங்கிருந்து எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரையா, சன்ஷேடு நீட்டலும் சேர்த்தா, கைப்பிடிச் சுவர் தனியா, பீடத்தின் வளைவு ஆர்ச்சுக்குக் கூடுதலா? இதை எழுதாத இடத்தில்தான் கடைசியில் பேச்சு முற்றி, கொத்தனாரும் அதே சபைக்காரர் என்பதால் இரண்டு குடும்பம் கோயிலுக்கு வருவதை நிறுத்தும்.

ஒப்பந்தத் தொகையில் ஐந்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள், இதையும் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். பிரதிஷ்டை முடிந்து ஓர் இடவப்பாதியும் ஒரு துலாமழையும் கடக்கட்டும். மழை பெய்யும்போதே குடையோடு போய் வெஸ்ட்ரி (போதகர் அங்கி மாற்றும் அறை) மூலை, ஜன்னல் மேல்பக்கம், கோபுரம் கூரையோடு சேரும் இடம் மூன்றையும் பாருங்கள். ஒழுகினால் சாக்பீஸால் வட்டம் போட்டு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சரிசெய்து அடுத்த மழையிலும் ஒழுகவில்லை என்றால் மீதியைக் கொடுத்து ரசீது வாங்கி ஃபைலில் கோர்த்துவிடுங்கள்.