கல்யாணம், விவாகரத்து: வருமான வரியில் என்ன மாறும்? படிப்படியான விளக்கம்

"கல்யாணம் ஆயிடுச்சே, இனி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ரிட்டன் போடலாமா?" புதிதாக மணமானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் போடலாம். இந்தியாவில் முடியாது. இங்கே அவரவர் பான், அவரவர் ஸ்லாப் (வருமானத்துக்கேற்ற வரி விகிதப் படி), அவரவர் ரிட்டன். தாலி ஏறியதால் வரி குறையாது, கூடவும் செய்யாது. ஆனால் கணவன் மனைவிக்குள் பணமோ சொத்தோ கைமாறினால் அதற்கென்று தனி விதிகள் உண்டு. பலரும் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

கீழே உள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். அதனால் எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

படி 1: மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள்

தன் கல்யாணத்துக்கு மணமகனோ மணமகளோ பெறும் பரிசுக்கு வரி கிடையாது. கொடுத்தவர் உறவினரா நண்பரா என்பதோ, தொகை எவ்வளவு என்பதோ பிரச்சினை இல்லை. ஆனால் இந்த விலக்கு மணமக்களுக்கு மட்டும்தான். நம் ஊரில் மொய்ப் பை பெரும்பாலும் பெற்றோர் கைக்குத்தானே போகிறது? உறவினர் அல்லாதவர்களிடமிருந்து பெற்றோர் தங்களுக்கென்று வாங்கும் தொகை ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவர்கள் வருமானமாகிவிடும். மணமக்களுக்கு வந்ததை அவர்கள் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் ஆதாரம்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் நடக்கும் மொய் விருந்து கல்யாணம் அல்ல என்பதால் இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. இன்னொன்று: ஒரே நிகழ்வுக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். பெரிய தொகை என்றால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

படி 2: பெயர்

பான் அட்டையில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பாவின் இனிஷியலை விட்டுக் கணவரின் இனிஷியலுக்கு மாறுகிறீர்கள் என்றால் மட்டும் பான், ஆதார், வங்கி மூன்றிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் பெயர் பொருந்தாமல் ரீஃபண்ட் வருவது தடைபடலாம்.

படி 3: மனைவி பெயரில் போட்ட பணம்

இதை நிதானமாகப் படியுங்கள். 25 லட்சத்துக்கு மேல் வரி கட்டும் வருமானம் உள்ள ஒரு கணவர், வருமானம் இல்லாத மனைவிக்கு 10 லட்சம் கொடுக்கிறார். மனைவி அதை 7 சதவீத எஃப்டியில் போடுகிறார். பணம் கொடுத்ததற்கு வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு வரும் 70,000 ரூபாய் வட்டியைக் கணவர்தான் தன் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். 30 சதவீத ஸ்லாப், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் வரி 21,840 ரூபாய். மனைவி வங்கியில் 15ஜி படிவம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் படிவம் டிடிஎஸ், அதாவது வங்கி வட்டியிலிருந்து முன்கூட்டியே வரி பிடிப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். கணவரின் வரி அப்படியே இருக்கும். மனைவி சம்பாதித்துக் கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதிதான்.

அந்த 70,000 வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்தால் அதில் வரும் வருமானம் மனைவியுடையது. அதனால் வட்டியைத் தனிக் கணக்கில் வரவு வையுங்கள். கல்யாணத்துக்கு முன்பே கொடுத்த சொத்துக்கும், மனைவி வீட்டார் போட்ட பணத்துக்கும் இந்தச் சேர்ப்பு விதி வராது.

படி 4: பிரிவு என்று வந்துவிட்டால் தேதிகளைக் குறியுங்கள்

குடும்ப நல நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்பு தரும் நாள் வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவன் மனைவிதான். மேலே சொன்ன சேர்ப்பு விதி அதுவரை தொடரும். பிரிந்து வாழ்வதற்கான ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

தீர்ப்புக்குப் பிறகு சேர்ப்பு விதி நின்றுவிடும். ஆனால் அதோடு இன்னொன்றும் நடக்கிறது. முன்னாள் துணை அதன்பின் சட்டப்படி 'உறவினர்' இல்லை. பிற்பாடு மனமிரங்கி 5 லட்சம் கொடுத்தால், அது அந்நியர் கொடுத்த பரிசாகக் கருதப்பட்டு வாங்குபவருக்கு வரி வரக்கூடும். அதனால் வீடு, நகை, பணம் என்று யாருக்கு எது என்பதை உடன்படிக்கையிலேயே ஒவ்வொன்றாக எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த மனநிலையில் இதையெல்லாம் யோசிப்பது கஷ்டம், தெரியும். கூட வரும் அண்ணனோ தோழியோ இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

படி 5: ஜீவனாம்சம்

மொத்தமாக ஒரே தொகையாக வந்தால் பொதுவாக அது வருமானம் அல்ல, வரி இல்லை. மாதா மாதம் வந்தால் வாங்குபவரின் வருமானம். பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதும் இதுதான். கொடுப்பவருக்கு இரண்டிலுமே வரிக் கழிவு கிடையாது. சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுத்தாலும் முழுச் சம்பளத்துக்கும் அவர்தான் வரி கட்ட வேண்டும்.

மாதம் 40,000 வாங்கும் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 4,80,000. வேறு வருமானம் இல்லை. புதிய வரி முறையில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட 80,000க்கு 5 சதவீதம், அதாவது 4,000 ரூபாய் வரி வரும். 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியால் அது பூஜ்யமாகிவிடும். வரி இல்லையே என்று விட்டுவிடாமல் ரிட்டன் கட்டாயம் போடுங்கள், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 'பிற வருமானம்' என்ற தலைப்பில் காட்ட வேண்டும். பின்னால் வீட்டுக்கடனோ விசாவோ கேட்கும்போது இந்த ரிட்டன்தான் உங்கள் கையில் இருக்கும் வருமானச் சான்று.

மொத்தத் தொகையை வங்கியில் போட்டால், அதன் வட்டிக்கு மட்டும் வழக்கம்போல வரி உண்டு.

படி 6: குழந்தை பெயரில் உள்ள பணம்

18 வயது ஆகாத குழந்தையின் எஃப்டி வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். விவாகரத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு குழந்தையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும். அதனால் குழந்தை உங்களிடம் வளர்கிறதென்றால், குழந்தை பெயரில் முன்னாள் துணை போட்டுவைத்த எஃப்டி ரசீதுகளின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டியை ரிட்டனில் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். செல்வமகள் சேமிப்புக் கணக்கு என்றால் கவலை இல்லை, அதன் வட்டிக்கு வரியே கிடையாது.