ஒரு பக்கம் மட்டும் பிசிறு

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை. வேன் சீட்டுக்கான பிராக்கெட்டை 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில், ஃபைபர் லேசரில் ஆக்சிஜன் வைத்து வெட்டுகிறோம். திடீரென்று வெட்டிய ஓரத்தின் அடியில் பிசிறு. கிரைண்டர் போடவே இரண்டு பையன்கள் போதவில்லை.

வேகத்தைக் குறைத்தேன், பவரை ஏற்றினேன். ஓரம் கருகியதுதான் மிச்சம். "அண்ணே, இந்தப் பக்கம் மட்டும்தான் வருது, அந்தப் பக்கம் வழுவழுன்னு இருக்கு" என்று ஆபரேட்டர் தம்பி பீஸைத் திருப்பிக் காட்டியபோதுதான் உறைத்தது. வேகமோ பவரோ தப்பென்றால் நாலு பக்கமும் அல்லவா வரும்!

லேசரும் கேஸும் வெளிவரும் நாஸில் வாயில் செலோ டேப் ஒட்டி, குறைந்த பவரில் ஒரு ஷாட் அடித்தேன். டேப்பில் துளையின் வட்டத் தடம். லேசர் புள்ளியோ அதன் ஓரத்தில். கதிர் நடுவில் இல்லாவிட்டால் கேஸ் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் பாயும். குறைந்த பக்கத்தில் உருகிய இரும்பு முழுக்க வெளியேறாமல் அடியில் உறைந்துவிடும். நாஸில் மாட்டியிருக்கும் லேசர் தலையின் பக்கவாட்டு ஸ்குரூக்களைத் துளித்துளியாகத் திருகி, நாலைந்து டேப்பை வீணாக்கி, புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். நாஸிலையும் மாற்றினேன். முந்தின நாள் வெட்டியபின் நிமிர்ந்து நின்ற ஒரு துண்டில் தலை இடித்து, பழைய நாஸிலின் வாய் நசுங்கியிருந்தது. எவனும் சொல்லவில்லை!

இப்போது ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் வேலை டேப் ஷாட். டீ அதற்கப்புறம்தான்.