ஏற்றத்தில் மட்டும் இழுவை போன ஸ்கூட்டர்: என் அனுபவம்

110 சிசி கார்புரேட்டர் ஸ்கூட்டர். தெருவுக்குள் நன்றாக ஓடும். மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க இழுவை குறைந்து நின்றுவிடும். விடாமல் செல்ஃப் அடித்தால் மறுபடி கிளம்பும்.

பிளக், ஏர் ஃபில்டர் புதிது போட்டேன். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பலனில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்தி ஓட்டியும் அதே கதை.

வண்டி நின்றதும், கார்புரேட்டரில் தேங்கும் பெட்ரோலை வடிக்கும் ட்ரெயின் ஸ்குரூவைத் திறந்தேன். சில சொட்டுதான் வந்தது, டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தும்! இந்த வண்டியில், டேங்கிலிருந்து பெட்ரோலை விடும் டேப்பைத் திறப்பது இன்ஜினின் வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு. டேப்பிலிருந்த மெல்லிய வேக்குவம் குழாயைக் கழற்றி, அந்த முனையில் ஊசியில்லாத சிரிஞ்சால் இழுத்தேன். பெட்ரோல் தடையின்றி ஓடியது. டேப் நல்லாத்தான் இருக்கிறது.

கோளாறு குழாயில். இன்ஜின் பக்க முனையில், கிளிப்புக்கு அடியில், மயிரிழை வெடிப்பு. வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும். மெதுவாக ஓட்டும்போது வேக்குவம் அதிகம், கசிவையும் மீறி டேப் திறந்துவிடும். முறுக்கினால் வேக்குவம் குறையும், டேப் மூடிக்கொள்ளும்.

அதே உள்விட்டத்தில் தடித்த ரப்பர் குழாய் போட்டேன். மேம்பாலத்தில் இப்போது சீராக ஏறுகிறது. அப்பாடா! கழற்றிய வேக்குவம் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்பின் டயாஃப்ரமே (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கும். அப்போது டேப்பைத்தான் மாற்றவேண்டும்.